கடைசி ஆள்

லோகநாதன்தான் ஆரம்பித்தான் தம்பி. நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் மாற்றித்தான் சொல்வார்கள். இதோ டீ ஆற்றுகிறானே நஞ்சப்பன், இவனும் மாற்றித்தான் சொல்வான். நாலு பேர் சேர்ந்து சொன்னால் அது உண்மையாகிவிடுமா?

உட்காருங்கள். காந்திபுரம் பஸ்ஸுக்குத்தானே நிற்கிறீர்கள்? அது மேலே ஆனைகட்டி போய்த் திரும்பி வர வேண்டும். இந்தப் பனியில் உருட்டிக்கொண்டுதான் வரும். பெஞ்சு ஈரம், பேப்பரைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நான் உட்காரவில்லை. நின்றால்தான் ரோடு தெரியும்.

ரோடு எங்கே தெரிகிறது? அந்தப் புளியமரம் வரைக்கும் தெரிகிறது. அதற்கப்புறம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளேயிருந்துதான் அவர்கள் வர வேண்டும். மஞ்சள் பனியன் போட்டு, ஹெல்மெட் மாட்டி, ஒருவர் பின்னால் ஒருவராக. சைக்கிள் கிளப். விடிவதற்கு முன்னால் கோயமுத்தூரில் கிளம்பி, தடாகம் வழியாக இந்த மாங்கரை வரைக்கும் மிதித்து வந்து, நஞ்சப்பன் கடையில் டீயும் போண்டாவும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாது. ஆனால் குளிர்காலத்தில் மட்டும். கார்த்திகையில் ஆரம்பித்து மாசியோடு சரி. வெயில் வந்துவிட்டால் ஊருக்குள்ளேயே சுற்றுவார்கள். இந்த வருஷத்துக்கு இன்றைக்குத்தான் முதல் ஞாயிறு.

நானும் அந்தக் கிளப்தான். இருந்தேன். இருக்கிறேன் என்றும் சொல்லலாம், யாரும் என்னை நீக்கவில்லையே. நானாகத்தான் போகவில்லை. போன தை மாதத்திலிருந்து போகவில்லை. லோகநாதன் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி வைத்திருக்கிறான். 'தப்புதான் அண்ணா, நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது' என்று. அதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதை வாங்கிக்கொண்டு போகத்தான் அவர்களுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறேன்.

இருங்கள், ஏதோ சத்தம். இல்லை, பால் வண்டி.

லோகநாதன் யார் என்று கேட்கிறீர்களா? கணபதியில் மோட்டார் பம்புக்குச் சாமான் செய்கிற பட்டறைக்காரன். கிளப்புக்கு அவன்தான் தலைவன். என்னைவிட ரொம்ப இளையவன். நேரில் சார் என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அவன் என்கிறேன். அவன் செய்த வேலைக்கு இது போதும்.

நான் கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் போட்டவன் தம்பி. சைக்கிளில். கேரியருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் வண்டி எருமை மாதிரி நிற்கும். அதை மேட்டில் ஏற்றுவேன். வீட்டு வாசலில் நின்று "கேஸ்" என்று ஒரு சத்தம் போட்டால் உள்ளேயிருந்து பதில் வரும்: "பின்பக்கமா கொண்டாப்பா." எந்த வீடாக இருந்தாலும் அதே பதில்தான். முன் வாசல் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு வீட்டிலும் தெரியாது. பின் வாசல் கேளுங்கள், சொல்கிறேன். சரி, அதை விடுங்கள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வேலையிலிருந்து நின்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை. காலையில் எழுந்தால் கால் இரண்டும் பரபரக்கும். பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு இந்த ரோட்டில் வருவேன், போவேன். ஒரு நாள் இப்படித்தான், பனி. பின்னாலேயிருந்து இவர்கள் கூட்டம் வந்து என்னைத் தாண்டிப் போனது. தாண்டினால் பரவாயில்லை. ஒருத்தன் மணி அடித்தான். எனக்கு மணி அடிக்கிறான்! விட்டேனா? கீழே இருக்கிற அந்தப் பாலத்து மேட்டில் எல்லோரையும் பிடித்து, தாண்டி, இதே கடையில் வந்து நின்று டீ சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் லோகநாதன் வந்து சேர்ந்தான். வாயால் மூச்சு விடுகிறான். என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான்.

"ஏனுங்ண்ணா, இந்த வண்டியிலயா எங்களைத் தாண்டுனீங்க?"

"வண்டியில என்னங் சார் இருக்குது? மிதிக்கிற கால்ல இருக்குது."

சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். "எங்ககூட வாங்ண்ணா" என்றான். மஞ்சள் பனியன் கொடுத்தான், முதுகில் என் பேர் அச்சடித்து. நான் நாலாவது வரைக்கும் படித்தவன், அது இங்கிலீஷ். மருமகள்தான் படித்துச் சொன்னாள், "மாமா, கிட்டுச்சாமின்னு போட்டிருக்குது." அவனுடைய பழைய கியர் சைக்கிளையும் கொடுத்தான். நானா கேட்டேன்? அவனாகக் கொடுத்தான். இதோ நிற்கிறதே, இதுதான்.

நீங்கள் பார்க்கிற பார்வை புரிகிறது. பனியனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் தம்பி. துவைத்து, மடித்து, மருமகளிடம் கொடுத்தனுப்பினேன். சைக்கிள் வேறு. அது என்னோடு பழகிவிட்டது.

முதல் குளிர்காலம் நன்றாகத்தான் போனது. நான்தான் முன்னால். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போவான், பின்னால் வருகிறவர்களுக்கு மிதிப்பது லேசாக இருக்கும். அதனால் கொஞ்ச நேரம் ஒருத்தன் முன்னால் போவான், அப்புறம் ஒதுங்கிக் கடைசிக்குப் போய்விடுவான், அடுத்தவன் வருவான். முறை வைத்து. எனக்கு அது எதற்கு? காற்று எனக்குப் பெரிசா? "போதும் அண்ணா, ஒதுங்குங்க, நாங்க வர்றோம்" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். கத்தினால் இன்னும் வேகமாக மிதிப்பேன். ஒதுங்கு என்றால் ஒதுங்குவதற்கு நான் என்ன ரோட்டில் படுத்த மாடா? ஒரு நாள் திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருத்தர்கூட இல்லை. அவ்வளவு தூரம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்! அவர்களுக்குப் பொறாமை.

இன்னொரு வழக்கம். முன்னால் போகிறவன் ரோட்டில் குழி இருந்தால் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து விலகுவார்கள். ஒட்டி ஒட்டி வருகிறார்கள் அல்லவா, அவர்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதாம். கை காட்டிக்கொண்டே இருந்தால் ஹேண்டில் பாரை யார் பிடிப்பது? பிரணவ் என்று ஒரு கம்ப்யூட்டர்காரப் பையன், அவன்தான் எனக்கு மணி அடித்தவன், ஒரு தடவை குழியில் விழுந்து பல் ஆடிப் போய்விட்டது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அவனுக்குக் கண் இல்லையா தம்பி? நீங்களே சொல்லுங்கள்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். நான் எத்தனை டீ குடித்தேன் என்று நஞ்சப்பனுக்குத்தான் தெரியும். என்ன மணி? இந்நேரம் வந்திருக்க வேண்டும். முன்னெல்லாம் நான் முன்னால் இருந்தபோது இந்நேரத்துக்குப் போண்டா தீர்ந்திருக்கும்.

அடுத்த குளிர்காலம், அதாவது போன வருஷம், முதல் ஞாயிற்றுக்கிழமை. கிளம்புகிற இடத்தில் எல்லோரும் நிற்கிறோம். லோகநாதன் கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டான். "இந்த வருஷம் கடைசி ஆள் கிட்டுச்சாமி அண்ணன்" என்றான்.

கடைசி ஆள்! காதில் விழுந்ததா? எல்லோரும் கை தட்டினார்கள் தம்பி. கேலிக்குத்தான் தட்டியிருப்பார்கள்.

கடைசி ஆள் என்றால் என்ன வேலை என்று கேளுங்கள். எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும். யாரையும் தாண்டக் கூடாது. யாருக்காவது பஞ்சர் என்றால் அவரோடு நிற்க வேண்டும். மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும். செயின் கழன்றால் நிற்க வேண்டும். அவன் வந்தால்தான் கூட்டம் முழுசாக வந்ததாகக் கணக்கு. அதுவரைக்கும் யாரும் போண்டாவில் கை வைக்க மாட்டார்கள். பம்ப்பும் ட்யூப்பும் வைத்த ஒரு பை. அப்புறம் சீட்டுக்குக் கீழே மாட்டுகிற ஒரு விளக்கு, சிவப்பாக விட்டு விட்டு எரியும். பனியில் பின்னால் லாரிக்காரன் வந்தால் அதைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைப்பான். அந்த விளக்கை லோகநாதன் தன் கையாலேயே என் சைக்கிளில் மாட்டினான்.

"உங்களை விட்டா இதுக்கு ஆள் இல்லீங்ண்ணா" என்கிறான். "பின்னால நீங்க இருக்கறீங்கன்னா நான் திரும்பியே பார்க்க வேண்டியதில்ல. அத்தனை பேரையும் உங்க கையில குடுத்துட்டேன்."

எப்படி இனிக்கிறது பாருங்கள். பின்னால் போ என்பதைத்தான் இத்தனை இனிப்பாகச் சொல்கிறான். எனக்கா தெரியாது? பின்பக்கம் போ என்று எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் செய்தேன். செய்யவில்லை என்று ஒருத்தன் சொல்லட்டும். வாரா வாரம் எல்லோர் முதுகையும் பார்த்துக்கொண்டே வந்தேன். முக்கியமாக ஹேமாவதி டீச்சர் முதுகை.

டீச்சர், வடவள்ளியில் ஏதோ பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவள். வீட்டுக்காரர் தவறிய பிறகு, வீட்டுக்குள்ளேயே கிடக்காதே என்று மகள் சைக்கிள் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தாளாம். கிளப்பில் எல்லோரையும்விட மெதுவாகப் போகிறவள் அவள்தான். நடந்து போகிறவன்கூட அவளைத் தாண்டுவான். மேடு வந்தால் பெரிய கியரிலேயே போட்டு அழுத்திக்கொண்டிருப்பாள். "கியரை எறக்கு அம்மிணி" என்பேன். "எறக்கிட்டனுங்ண்ணா" என்பாள். இறக்கியிருக்க மாட்டாள். வழியெல்லாம் பேச்சு. பள்ளிக்கூடத்தில் எந்தப் பையன் என்ன செய்தான், மகள் போனில் என்ன சொன்னாள், பனி கண்ணாடியில் படிகிறது, துடைத்துக்கொள்ளட்டுமா. துடைப்பதற்கு நிற்பாள். நானும் நிற்பேன். பையிலிருந்து கடலை உருண்டை எடுத்து எனக்கு ஒன்று கொடுப்பாள். "உங்களால எனக்கு ஒரு தைரியம்ங்ண்ணா. பின்னால டயர் சத்தம் கேட்டுட்டே இருக்கும், அப்ப வீட்டு ஞாபகம் வராது" என்று ஒரு நாள் சொன்னாள். எனக்கென்ன? கடலை உருண்டை நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

இப்படி மார்கழி போனது. தை பிறந்தது. அந்த ஞாயிறும் வந்தது.

இன்றைக்கு இருப்பதைவிட அன்றைக்குப் பனி அதிகம். கையை நீட்டினால் விரல் தெரியாது. தடாகம் தாண்டி வாழைத்தோப்புக்கு இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறோம். டீச்சரும் நானும்தான் கடைசி. மற்றவர்கள் முன்னால் எங்கேயோ வெள்ளைக்குள் போய்விட்டார்கள். அப்போது பின்னாலேயிருந்து 'சர்'ரென்று ஒரு கூட்டம். பச்சைப் பனியன். வேறு ஊர்க் கிளப். ஒவ்வொருத்தனும் தாண்டும்போது "குட் மார்னிங்" என்கிறான். கடைசியில் போனவன் என்ன சொன்னான் தெரியுமா?

"பாத்து மெதுவா வாங்க பெரியவரே, வயசான காலத்துல."

நான் அப்படியே விடுவேன் என்று நினைக்கிறீர்களா? அந்த நேரம் பார்த்து டீச்சருக்குச் செயின் கழன்றுவிட்டது. இறங்கிக் குனிந்து பார்க்கிறாள். நான் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன். பச்சை போய்க்கொண்டே இருக்கிறது. எனக்குக் கால் இரண்டும் துடிக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க போறதுன்னா போங்ண்ணா. இதா மாட்டிட்டு வந்துடறேன்."

அவள் சொன்னாள் தம்பி. அவள் வாயால் சொன்னாள். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். போங்கள் என்று சொன்னாள், போனேன்.

அன்றைக்கு மிதித்த மிதி! ஒவ்வொரு பச்சையாகப் பிடித்தேன். பெரியவரே என்றவனைப் பிடித்து, பக்கத்தில் வைத்து, "குட் மார்னிங் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தாண்டினேன். அந்த வேகத்தில் நம் மஞ்சளையும் ஒவ்வொருத்தராகத் தாண்டினேன். கடைசியில் லோகநாதனையும் தாண்டி, இந்தக் கடை வாசலில் பிரேக் போட்டேன். யாராவது பாராட்டினார்களா? பிரணவ் மட்டும் "சூப்பர் அண்ணா" என்றான். அதுவும் இன்னும் ஆடுகிற பல்லைக் கையால் பிடித்துக்கொண்டு.

எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். ஆரம்பிக்கத்தானே செய்வார்கள்? கடைசி ஆள் வந்துவிட்டான், சிவப்பு விளக்கு வாசலில் எரிகிறது, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றுதானே கணக்கு? பனியில் நான் தாண்டியது தெரியாமல் லோகநாதனும் அப்படித்தான் நினைத்தான். இரண்டு போண்டா சாப்பிட்டான். நஞ்சப்பன்தான், இவன்தான், சும்மா இருக்காமல், "ஒரு பிளேட் மிச்சம் இருக்குதுங், யாரு எடுக்கல?" என்று கேட்டான்.

லோகநாதன் எழுந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான்.

"அண்ணா, டீச்சர் எங்கீங்?"

"பின்னால வர்றாங்க சார்."

"பின்னால யார்ங்ண்ணா இருக்காங்க?"

பின்னால் நான்தான் இருக்க வேண்டும். நான் இங்கே இருக்கிறேன். அதுகூடத் தெரியாமலா கேட்கிறான்? எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும், அதுதான் அவனுக்கு.

எல்லோரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனோம். நான்தான் முதலில். அதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். வாழைத்தோப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஃபாரஸ்ட் வாட்சர் ஒருத்தர் ரோட்டுக்கு நடுவில் டார்ச்சைக் காட்டி நிறுத்திவிட்டார். "சத்தம் போடாதீங்க, ஒத்தை ஆனை நிக்குது" என்கிறார். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைதான். அந்த வெள்ளைக்குள் வாழை ஒடிகிற சத்தம். ரோட்டோரத்தில் டீச்சருடைய சைக்கிள் மட்டும் சாய்ந்து கிடக்கிறது. டீச்சர் இல்லை.

நான் "அம்மிணீ" என்று ஒரு சத்தம் போட்டேன். வாட்சர் ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். அவர் கையில் பீடி நாற்றம். இப்போதும் அந்த நாற்றம் எங்கேயாவது அடித்தால் எனக்கு உடம்பு என்னவோ செய்கிறது. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டேன் அன்றைக்கு. குளிர்தான். தை மாதக் குளிர் என்றால் சும்மாவா?

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. ஆனை தன்பாட்டுக்குக் கடந்து ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. அப்புறம் ரோட்டுக்கு அடியில் இருக்கிற சின்னப் பாலம், குழாய் மாதிரி இருக்கும், அதற்குள்ளேயிருந்து டீச்சர் தவழ்ந்து வந்தாள். உடம்பெல்லாம் சேறு. இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டே வந்தாள். வெளியே வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. லோகநாதன்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான்.

ஒன்றும் ஆகவில்லையே தம்பி? ஆனை அவளை என்ன செய்தது? ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மட்டும் உடைந்தது. இதற்குப் போய்...

இருங்கள். இல்லை, ஒன்றும் இல்லை. மரத்திலிருந்து பனி சொட்டுகிறது.

எல்லோரும் கடைக்குத் திரும்பி வந்தோம். டீச்சருக்குச் சூடாக டீ கொடுத்தார்கள். லோகநாதன் என் சைக்கிளிடம் போனான். இதோ, இந்த இடத்தில்தான் நின்றது. குனிந்தான். சீட்டுக்குக் கீழே இருந்த விளக்கைக் கழற்றினான். அது எரிந்துகொண்டிருந்தது, அணைக்கக்கூட இல்லை. கொண்டு போய் அவன் சைக்கிளில் மாட்டிக்கொண்டான். ஒரு வார்த்தை இல்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். இத்தனை பேர் பார்க்க, நஞ்சப்பன் பார்க்க, டீக்கு வந்து நின்ற அந்தப் பச்சைப் பனியன்காரர்கள் பார்க்க, ஒரு மனுஷன் சைக்கிளிலிருந்து கழற்றுகிறான் தம்பி! நான் கேட்டேனா அந்த விளக்கை? அவனாக மாட்டினான், அவனாகக் கழற்றினான். அப்போது நான் யார்?

அன்றைக்குப் போனவன்தான் நான்.

வீட்டுக்கு வந்தான். வராமல் இல்லை. கமலா ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தான். நான் பின்கட்டில் இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன். அடுத்த வாரமும் வந்தான். அப்போதும் இல்லை என்று சொல்லச் சொன்னேன். மருமகளுக்குக் கோபம். "ஏனுங் மாமா, மனுசன் ரெண்டு தடவை வந்துட்டுப் போறாரு, என்னன்னுதான் கேக்கலாமில்ல?" என்றாள். என்னத்தைக் கேட்பது? எல்லோர் முன்னாலும் கழற்றியவன், வீட்டுக்குள் வந்து காதோடு காதாகச் சொன்னால் சரியாகிவிடுமா? டீச்சரும் ஒரு தடவை வந்தாள், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு. அவளுக்கும் இல்லை என்றுதான். அவளைப் பார்க்க எனக்கு... நேரம் இல்லை.

இந்த வருஷம் முழுக்கத் தனியாகத்தான் ஓட்டுகிறேன். ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. நிமிஷத்துக்கு நிமிஷம் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். ஒருத்தரும் இல்லை என்று தெரியும், இருந்தாலும் கழுத்து தானாகத் திரும்புகிறது. கழுத்து வலிக்கு எண்ணெய் போட்டு மாளவில்லை. இதற்கும் லோகநாதன்தான் காரணம்.

அதோ! வந்துவிட்டார்கள். மஞ்சள் தெரிகிறதா? முன்னால் வருகிறானே வெள்ளை ஹெல்மெட், அவன்தான். நீங்கள் எழுந்திருக்காதீர்கள், உட்கார்ந்து காதை மட்டும் இங்கே வையுங்கள். அவன் சொல்லும்போது கேட்பதற்கு வெளி ஆள் ஒருத்தர் இருக்க வேண்டும்.

"வாங்க சார். ஆமாங், நேரத்துலயே வந்துட்டனுங். சும்மாதானுங். நல்லா இருக்கறனுங்."

கேட்டீர்களா? 'வந்துட்டீங்களாண்ணா' என்கிறான். தோளில் கை வைக்கிறான். நஞ்சப்பனிடம் 'அண்ணனுக்கும் ஒரு பிளேட் எடுத்து வை' என்கிறான். பார்த்தீர்களா, போண்டாவைப் பற்றிப் பேசுகிறான், வார்த்தையைப் பற்றிப் பேசவில்லை. அவன் கண் கலங்கின மாதிரி இருக்கிறதா? பனிக்காற்று, எல்லோருக்கும்தான் கலங்கும். நானாகக் கேட்க மாட்டேன். கேட்டு வாங்கினால் அதற்குப் பேர் வேறு.

ஏன் யாரும் சாப்பிடவில்லை? இன்னும் கடைசி ஆள் வரவில்லை போலிருக்கிறது. இந்த வருஷம் எவனைப் போட்டிருக்கிறான் என்று பார்ப்போம். பிரணவாக இருந்தால் சிரிப்பேன்.

அந்தா, புளியமரத்துக்கிட்டே சிவப்பாக விட்டு விட்டு எரிகிறது. அதற்கு முன்னால் ஒரு குண்டு ஆள், புதுசு, நாக்கைத் தள்ளிக்கொண்டு மிதிக்கிறான். பின்னால் வருவது...

டீச்சர்.

அவளையா போட்டான்? நடக்கிறவன் தாண்டிவிடுவானே அவளை! பாருங்கள், அவசரமே படாமல் வருகிறாள். அவன் நின்றால் நிற்கிறாள். 'கியரை எறக்குங்க சார்' என்கிறாள் அவனிடம். அது நான் சொல்லிக் கொடுத்தது. விளக்கைத் தாழ்வாக மாட்டியிருக்கிறாள், சேறடித்தால் மறைந்துவிடும். இதைக்கூடச் சொல்லித்தர இந்தக் கிளப்பில் ஒரு ஆள் இல்லை.

என்னைப் பார்த்துவிட்டாள். சிரிக்கிறாள். நான் ஏன் அந்தப் பக்கம் திரும்பினேன்? ரோட்டைத்தான் பார்த்தேன், உங்கள் பஸ் வருகிறதா என்று.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். அவ்வளவுதான் பார்த்தீர்களா? வந்தான், தின்றான், போகிறான். 'வாங்ண்ணா, போலாங்' என்றான், அது ஒரு வார்த்தையா? நான் அசையவில்லை. ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக இறக்கத்தில் இறங்கிவிட்டார்கள். போகட்டும்.

இவள் ஏன் நிற்கிறாள்? "நீ போ அம்மிணி, எல்லாரும் போயிட்டாங்க."

என்ன சொல்கிறாள் கேட்டீர்களா? 'நீங்க கிளம்புங்ண்ணா, நான் உங்க பின்னாலதான் வரோணும்' என்கிறாள். கடைசி ஆள் யாரையும் தாண்டக் கூடாதாம். எனக்கே சொல்கிறாள். நான் அவளுக்கு முன்னால் போவதா? அவள் எனக்குக் காவல் வருவதா? முடியாது. "நீ முன்னால போ. உம் பின்னால வேணா நான் வர்றேன்." கேட்கிறாளா பாருங்கள். தலையை ஆட்டுகிறாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாத்தியார் பிடிவாதம்.

உங்கள் பஸ் வந்துவிட்டது. ஏறுங்கள். கண்டக்டர், ஒரு நிமிஷம், தம்பி ஏறட்டும்.

என்ன கண்டக்டர் சிரிக்கிறீங்க? மேல் வளைவிலிருந்தே எட்டிப் பார்த்தீங்களா? நம்ம ஆட்கள் அத்தனை பேரும் கீழே பாலத்துக்கிட்டே வரிசையாக நிற்கிறார்களா? சைக்கிளை விட்டு இறங்கி, இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டா? ஏனாம்? ஆமாம், இங்கேயிருந்தும் தெரிகிறது. பனி விலகுகிறது. மஞ்சளாகத் தெரிகிறது. கடைசி ஆள் கிளம்பாமல் அவர்கள் எப்படிப் போவார்கள்? அவள் எப்படிக் கிளம்புவாள், நான் கிளம்பாமல்?

நிற்கட்டும் தம்பி. எல்லோரும் நிற்கட்டும். எனக்கு என்ன அவசரம்? நீங்கள் ஜன்னல் பக்கமாக உட்காருங்கள். பாலத்தைத் தாண்டும்போது வெள்ளை ஹெல்மெட்காரனிடம் சொல்லுங்கள். கிட்டுச்சாமி இங்கேயேதான் நிற்கிறான், அந்த ஒரு வார்த்தை வருகிற வரைக்கும் மிதிக்க மாட்டான், வேண்டுமானால் மேட்டை ஏறி வரச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.